இருட்டறை வெயில்

எனக்கும் வெயிலுக்கும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியோடு ஆகாது என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அப்போது நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தேன். படியேறு, பெட்டியைத் திற, எண்ணைப் பார், அடுத்த வீட்டுக்கு நட. வெயில் என் உச்சந்தலையில்தான் குடியிருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து தடித்து, மூக்கின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டபோது வேர்க்குரு என்றுதான் நினைத்தேன். பிறகு விரல் மூட்டெல்லாம் வலித்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே உடம்பைப் போட்டு அடிக்கிற நோய் அது என்று டாக்டரம்மா விளக்கினார். வெயில் பட்டால் அந்தக் காவல்காரனுக்கு வெறி பிடிக்குமாம். தோலோடு நின்றால் சமாளித்துக்கொள்ளலாம், சிறுநீரகத்தில் கைவைத்தால் ஆபத்து, அதனால் வெயிலே கூடாது என்றார்.

அன்றிலிருந்து நான் மூட்டையாகிவிட்டேன். முழுக்கை மேல்சட்டை, கையுறை, மூக்குவரை இழுத்துச் சுற்றிய துணி, அகலமான தொப்பி, அதற்கு மேலே குடை. மீட்டர் வேலை போயிற்று. வீட்டு ஜன்னலுக்கெல்லாம் என் கணவர் கனமான கறுப்புத் திரை வாங்கி மாட்டினார். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். பொழுது விடியுமுன் போய்விட்டு வெயில் தாழ வருவார். கல்யாணமான புதிதில் கண்ணே மணியே என்று கூப்பிட்ட மனிதர், திரை மாட்டிய நாளிலிருந்து என்னை வௌவால் என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பெயருக்கு மட்டும் கோபம் வரவில்லை. பொருத்தமாக இருந்து தொலைத்ததே, என்ன செய்ய.

அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், வண்டிகளுக்கு இரும்புப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் கேட்டில் காவலுக்கு இருக்கிறார். அவர்தான் ஒரு நாள் வந்து, எனக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு வேலை காலியாக இருக்கிறது என்றார். ஜன்னலே இல்லாத இருட்டறை, வெயிலின் வாடைகூட வராது என்றார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறீர்கள் என்று அத்தானை எல்லார் முன்னாலும் பாராட்டினாள். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். வேலை வெளியிலா உள்ளேயா என்று கேட்டார். உள்ளேதான், அதுவும் இருட்டறை என்று பெருமையாகச் சொன்னேன். ரொம்ப நல்லது என்றார்.

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றொன்றைத் திறக்க வேண்டும். உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. கண் பழகும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல, மேசைக்கு மேலே நெஞ்சு உயரத்தில் தொங்குகிற விளக்கின் ஊதா தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சம் என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். அதில் சுவர் தெரியாது, தரை தெரியாது, ஆள் தெரியாது. நகம் தெரியும், துணியில் ஒட்டிய வெள்ளை நூல் தெரியும். நான் போன முதல் நாள், இருட்டுக்குள்ளிருந்து ஒரு வரிசைப் பல் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"வா அக்கா, பயப்படாத. பல்லுக்குப் பின்னாடி ஆளும் இருக்கேன்."

அவள்தான் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் தொழிற்சாலையே சேர்ந்து வைத்த பெயர். எங்கள் வேலை இதுதான். பஸ், லாரிகளில் ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கிற இரும்புக் கை ஒன்று இருக்கிறது. அது ஓடும்போது முறிந்தால் ஓட்டுகிறவர் ஒரு பக்கம் திருப்ப, வண்டி வேறு பக்கம் போகும். ரேடியோ அந்த இரும்பை எடுத்துப் பிடிப்பில் மாட்டி, மின்சாரம் பாய்ச்சிக் காந்தமாக்கி, ஒரு பொடி கலந்த எண்ணெயை அதன் மேல் ஊற்றுவாள். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கே இருந்தாலும் பொடி அங்கே போய்க் கூடிக்கொள்ளும். ஊதா விளக்கின் கீழே அந்தக் கோடு மட்டும் பச்சையாக எரியும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பச்சைக் கோடு இருந்தால் கழிவுப் பெட்டி, இல்லாவிட்டால் அடுத்த மேசை.

அந்த அறை எனக்குப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் அது குறைவு. இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு கொக்கி இருந்தது. தொப்பி, துணி, மேல்சட்டை, கையுறை எல்லாவற்றையும் அதில் கழற்றி மாட்டிவிட்டு அரைக்கைச் சட்டையோடு உள்ளே போவேன். ரப்பர் கையுறை போடச் சொல்லித்தான் கொடுத்தார்கள். கையுறையைக் கண்டாலே எனக்கு எரிச்சல், எண்ணெயில் வழுக்குகிறது என்று சாக்குச் சொல்லி மூலையில் போட்டுவிட்டேன். தெருவில் ஓர் அங்குலம் தோல் வெளியே தெரிந்தால் பதறுகிற நான், அங்கே வெறும் கையோடு, வெறும் கழுத்தோடு இருந்தேன். காற்று தோலில் படுவது எவ்வளவு பெரிய சுகம் என்று மூட்டையாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நேரம் அங்கே நகராது, மிதக்கும். விளக்கைத் தற்செயலாகப் பார்த்துவிட்டால் கண்ணுக்குள் பால் படர்ந்ததைப் போல ஒரு மங்கல் வந்து, கொஞ்ச நேரம் எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருக்கும். இரும்புத் துண்டுகள் ஈரத்தோடு வரும், போகும். ரேடியோ முந்தின இரவு கண்ட கனவைச் சொல்வாள். அவள் கனவு ஒவ்வொன்றும் ஒரு முழுப் படம். ஒரு கனவில் அவள் கப்பலில் டிக்கெட் கிழிக்கிறாள், பயணிகள் எல்லாம் செருப்புகள். ஒற்றைச் செருப்புக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தகராறு. நான் என் கனவைச் சொல்வேன். எனக்கு எப்போதும் ஒரே கனவுதான். நடுமத்தியானம், நீளமான ஒரு தெரு, குடை இல்லாமல் நடந்துகொண்டே இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. சில நாள் எது அவள் சொன்னது, எது நான் கண்டது என்று வீட்டுக்குப் போன பிறகும் பிரிக்க முடியாது.

விளக்கிலும் ஓர் அதிசயம் இருந்தது. ஊதாவுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மேசையின் குறுக்கே விழும். ரேடியோ அதற்கு நிலா என்று பெயர் வைத்திருந்தாள். எனக்கு அந்த நிலா பிடிக்கும். ஒவ்வொரு இரும்பையும் கடைசியாக ஒரு தடவை அந்தக் கோட்டில் வைத்துத் திருப்பிப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கத் தேவையில்லை, ஆசைக்குத்தான்.

ஒரு நாள் ரேடியோ என் கையைப் பிடித்து விளக்கருகே இழுத்தாள். "அக்கா, உன் கையில மேகம் மேயுது" என்றாள்.

பார்த்தேன். புறங்கையிலும் முன்கையிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. ஊதாவில் அது உண்மையாகவே மேகம் போலத்தான் இருந்தது, ஓரமெல்லாம் கலைந்து. எனக்கு அழகாகப் பட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? அதன் பிறகு தினமும் வந்ததும் கையை நீட்டுவேன், ரேடியோ உருவம் சொல்வாள். இன்றைக்கு முயல், இன்றைக்குத் தூங்குகிற கிழவன், இன்றைக்கு வால் முளைத்த தேநீர்க் குவளை. மேகம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

வீட்டு விளக்கில் அது மேகமும் இல்லை முயலும் இல்லை. சிவந்து தடித்து ஓரத்தில் செதில் உரிகிற பழைய தோல்நோய்தான். தாடைக்கு அடியிலும் வந்திருந்தது. அரிக்கவில்லை, எரிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு முகம் மாறி, எங்கே வெயிலில் போகிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை என்றேன். மறுபடி கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பொய் சொல்கிறவள் மாதிரியா தெரிகிறது, போர்த்திக்கொண்டு வருகிறேனே தெரியவில்லையா என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். சிறுநீரில் புரதம் இறங்குகிறது, கொஞ்சம்தான், ஆனால் நோய் சிறுநீரகத்தின் வாசலுக்கு வந்துவிட்டது, இன்னும் உள்ளே போனால் என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாமலே போகலாம் என்றார்.  மாத்திரையைக் கூட்டி, தடிப்புக்குக் களிம்பும் எழுதினார்.

என் கணவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பழைய மீட்டர் தெருக்களின் மேல் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை, வேலை முடிந்து அங்கே சுற்றிவிட்டு வருகிறேன் என்று அவராக முடிவுகட்டினார். கூட வேலை செய்கிற மற்ற டிரைவர்களிடம், என் சம்சாரம் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறாள் என்று விசாரித்திருக்கிறார். அது என் காதுக்கு வந்த அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். எனக்கே காவல் போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

பேச்சு நின்றாலும் களிம்பு நிற்காது. தாடைக்கு அடியில் எனக்குச் சரியாகப் பூச வராது, அவர்தான் பூசிவிட வேண்டும். விடுமுறை நாள் காலையில் திரை மூடிய அறையில், விளக்கைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் பூசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"உன் ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"ஜன்னலே இல்லன்னு எத்தன தடவ சொல்றது? அது இருட்டறைங்க."

அவர் சட்டைக் கையை மடக்கி இரண்டு கைகளையும் என் மடியில் வைத்தார். பஸ்ஸின் ஜன்னல் பக்கத்துக் கை கரிக்கட்டை. மற்றது வேறு ஆளின் கை என்று சொல்லலாம், அவ்வளவு வெளுப்பு. கல்யாணத்திலிருந்து நான் கேலி செய்து வரும் கைகள்தான்.

"தோலப் பாத்தா வெயில் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெருவுல போனா நெத்தியிலதான் மொதல்ல படும். உனக்கு நெத்தி சுத்தமா இருக்கு. கையில மேல்பக்கம் பட்டிருக்கு, மொகத்துல கீழ்ப்பக்கம் பட்டிருக்கு. உன் கைக்கு மேல, மொகத்துக்குக் கீழ, அங்க என்ன இருக்கு?"

  அந்த அறை கண் முன்னால் வந்தது. என் நெஞ்சுக்கு நேரே தொங்குவது, என் கைகளின் மேல் விழுவது, ஈர இரும்பில் பட்டு என் தாடைக்கு ஏறுவது.

"வெளக்கு" என்றேன்.

அவர் களிம்பு ட்யூபின் மூடியைத் தேடி எடுத்து மூடினார். டிரைவர்களிடம் விசாரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம், என் உடம்பைப் பற்றியது அல்ல. என் அறையை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பயம்தான்.

டாக்டரம்மா விளக்கைப் பற்றிக் கேட்கக் கேட்க நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இருட்டுன்னு நீங்க சொன்னதும் நானும் அதோட விட்டுட்டேம்மா, எனக்கும் அப்பவே கேக்கத் தோணல" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். "வெயில்ல உங்களுக்கு ஆகாதது எதுவோ, அத மட்டும் தனியா எடுத்து அந்த வெளக்குல வச்சிருக்காங்க. அது கண்ணுக்குத் தெரியாது, சுடாது. அதனாலதான் இருட்டுன்னு நெனச்சு எல்லாத்தயும் கழட்டிட்டுப் போயிருக்கீங்க."

நல்ல நிலையில் இருக்கிற விளக்கில், கையும் முகமும் மூடிக்கொண்டு வேலை செய்தால் மற்றவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, உங்களுக்கு மட்டும் அந்த அறையே ஆகாது என்றார். வீட்டுக்கு வந்து நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். கையும் முகமும் மூடிக்கொண்டால் போதுமாம் என்றேன். என் கணவர் நம்பினார். ஒரு தடவை சந்தேகப்பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் இல்லையா, மறுபடி சந்தேகப்பட அவருக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் கொக்கியில் எதையும் மாட்டாமல் உள்ளே போனேன். நான் போனதும் ரேடியோ வீறிட்டாள். என் மேல்சட்டையும் கையுறையும் சோப்புப் போட்டு வெளுத்த வெள்ளை. ஊதா விளக்கில் அவை நீலமாகப் பளீரென்று எரிந்தன. இருட்டுக்குள் தலையில்லாத ஒரு சட்டை நடந்து வந்தால் யார்தான் அலற மாட்டார்கள். சிரித்து முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். ரேடியோ முதலில் நம்பவில்லை. பிறகு, சாயங்காலம் ஆனால் தன் கண்ணில் மண் விழுந்ததைப் போல உறுத்துகிறது, புறங்கை உரிகிறது, எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்ததாகச் சொன்னாள்.

டார்ச்சைப் போட்டுக்கொண்டு விளக்கை அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து பார்த்தோம். விளக்கின் வாயை மூடி ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். கெடுதலான கதிரை உள்ளேயே நிறுத்தி, வேலைக்கு வேண்டியதை மட்டும் வெளியே விடுவது அந்தக் கண்ணாடியின் வேலை. அதில் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு விரிசல். எங்கள் நிலா அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஊரில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் விரிசல் தேடிக் கொடுத்த இரண்டு பேர், கண்ணெதிரே இருந்ததற்குப் பெயர் சூட்டிக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறோம். ரேடியோ டார்ச்சை அந்த விரிசலின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். 

கண்ணாடியைத் துணியில் சுற்றிச் சூப்பர்வைசரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வைத்த விதத்தில் அவருடைய தேநீர் சிந்தியது. ஒவ்வொரு ஷிப்டிலும் அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அளந்து பார்க்கிற கருவி பழுதாகி ரிப்பேருக்குப் போனது, திரும்பி வரவேயில்லை, விளக்கு எரிகிறதே என்று விட்டுவிட்டார்களாம். அவர் கெட்ட மனிதர் இல்லை, விரிசலைப் பார்த்ததும் அவரே எழுந்து நின்றுவிட்டார். புதுக் கண்ணாடி, கறுப்பு நீளக் கையுறை, முகத்தை மூடும் கவசம் எல்லாம் வந்து சேரும்வரை அந்த அறைக்குள் யாரும் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். ரேடியோவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் வந்து சேர்ந்தன. வேலையை விட்டுப் போகாதேம்மா என்றும் சூப்பர்வைசர் என்னைக் கேட்டுக்கொண்டார். உன் கண் பார்த்து அனுப்பினால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகவில்லை.

ஆனால் அந்த அறை போய்விட்டிருந்தது. கறுப்புக் கையுறையும், கழுத்துவரை பொத்தானும், முகத்தின் மேல் கவசமுமாக நின்றபோது, தெருவைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தியதைப் போல இருந்தது. காற்று எங்கேயும் படவில்லை. ரேடியோ கனவு சொல்வாள், கவசத்துக்குள் என் மூச்சுச் சத்தத்தில் பாதி கேட்காது. பிறகு என்ன ஆச்சு என்று கேட்பேன், அவள் மறுபடி சொல்லும்போது அது கனவாக இருக்காது, செய்தியாக இருக்கும். இருந்தாலும் போனேன். பழகிவிடும், கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன்.

கால் வீங்கியது. செருப்பு வார் அழுந்திய இடம் குழிவிழுந்து, செருப்பைக் கழற்றிய பிறகும் மேலே வரவில்லை. நான் பாவாடையை இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் காலை எடுத்து மடியில் வைத்து விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டாக்டரம்மா இன்னும் என்ன சொன்னாங்க?" என்றார்.

சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இன்னும் ஒரு மாதம் போய்க்கொண்டிருந்திருப்பேன்.

"உனக்கு அந்த எடம் எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியும்" என்றார். "எனக்கு நீ அவ்வளவு வேணும்."

 என் காலை விடவில்லை. மறுநாள் வண்டிக்கு வர முடியாது என்று டிப்போவுக்குச் சொல்லிவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். புரதம் ஏறியிருந்தது. நோய் உள்ளே வந்துவிட்டது, ஆனால் இன்னும் வெகுதூரம் போகவில்லை, பெரிய மருந்து கொடுத்துப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம், ஆனால் அந்த விளக்கின் கீழே இனி ஒரு மணி நேரம்கூடக் கூடாது என்றார் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டினேன். இந்தத் தடவை முழுவதையும் என் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். ஜன்னலுக்குத் தள்ளி உள்பக்கமாக ஒரு மேசை. அங்கே போகுமுன் ஒரு தடவை இருட்டறைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் நின்று, வெளக்க அணை என்று குரல் கொடுத்தேன். ரேடியோ அணைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகட்டும் என்று நின்றேன். பழகுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. பல் இல்லை, நகம் இல்லை, நூல் இல்லை. எண்ணெய் வாசனை மட்டும் இருந்தது.

"அக்கா, எங்க இருக்க?" என்றாள் ரேடியோ. அந்த அறையில் அவள் என்னிடம் ஒரு நாளும் அப்படிக் கேட்க வேண்டியிருந்ததில்லை.

"இங்கதான் இருக்கேன். இரு."

தொப்பியைக் கழற்றினேன். துணியை அவிழ்த்தேன். கையுறை, மேல்சட்டை, ஒவ்வொன்றாகத் தரையில் போட்டேன். காற்று கழுத்தில் பட்டது, முழங்கையின் உள்பக்கம் பட்டது. இத்தனை நாள் நான் இருட்டு என்று நம்பியதில் ஒரு கணம்கூட இருட்டாக இருந்ததில்லை என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. முதல் தடவையாக அங்கே உண்மையான இருட்டில் நின்றேன். அழுகை வந்தது. அடக்கவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்.

ரேடியோ தடவித் தடவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் புதுக் கையுறை இருந்தது. ஒரு கனவு சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சும்மா இரு என்றேன்.  வெளியே இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது.

தரையில் துழாவி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டேன். ரேடியோ அதைத் தொட்டே கண்டுபிடித்து அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். கையுறைய மட்டும் என்னிக்கும் கழட்டாதடி என்றேன். சரிக்கா என்றாள்.

"நான் வெளிய போனப்புறம் சொல்றேன். அப்பறம் வெளக்கப் போடு. வேல கெடக்கு."

கதவைத் திறந்து, நடுவிலிருந்த இருட்டில் கால் வைத்து, பின்னால் சாத்தினேன். இரண்டு கதவுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் உள்ளே காத்துக்கொண்டிருந்தாள்.

"போடு" என்றேன்.

சுவிட்சின் சத்தம் கேட்டது.